உப்புப் பார்க்காத இறைச்சி ரொட்டி

மொன்றியல் மெத்ரோவில் யார் எதைத் தூக்கிக்கொண்டு ஏறினாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பனிச்சறுக்குப் பலகை, சுருட்டிய மெத்தை, டிசம்பரில் முழுசாக ஒரு நத்தார் மரம் என்று நான் பார்க்காதது இல்லை. வந்த புதிதில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். பிறகு நானும் இந்தச் சனத்தைப் போலக் கூரையில் ஒட்டியிருக்கிற விளம்பரத்தை வாசிக்கப் பழகிவிட்டேன். ஆனால் போன மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லொங்குய்யிலிருந்து மஞ்சள், செம்மஞ்சள், நீலம் என்று மூன்று பாதை மாறி, துவாயில் சுற்றிய ஒரு தட்டை இரும்புத் தாச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். தாச்சி இல்லாத தமிழ் வீடு எங்கே இருக்கிறது? என்னிடம் மட்டும் ஏழு இருக்கிறது. ஏன் இதைச் சுமந்துகொண்டு வந்தாய் என்று கேட்டேன். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அக்கா, உங்கள் கல்லில் இறைச்சி போடுவதில்லை. நேசன் சொன்னவர்" என்றாள்.

அதில் 'அக்கா' என்பதும் 'நேசன்' என்பதும் மட்டும்தான் தமிழ். மற்றது பிரெஞ்சு. அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவளுடைய சீனம் தெரியாது. அவள் வகுப்புக்குப் போய்ப் படித்த பிரெஞ்சும், நான் டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் பொறுக்கிக்கொண்ட பிரெஞ்சுமாகத்தான் கதைத்தோம். ஆகவே அவள் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கிய அளவில் தமிழாக்கி எழுதுகிறேன்.

அவள் பெயர் சுன்யான். என் தம்பியோடு ஒன்பது வருடம் குடும்பம் நடத்தியவள். அந்த ஒன்பது வருடத்தில் நான் அவளுடைய பெயரை ஒருதரமும் வாயால் சொல்லவில்லை. 'அவள்' என்பேன், 'உவள்' என்பேன், கோபம் வந்தால் 'சீனத்தி' என்பேன். எங்கள் சனம் இங்கே எத்தனையோ விதமான ஆட்களோடு வேலை செய்கிறது, ஒன்றாக நின்று சிரிக்கிறது, படம் எடுக்கிறது. வீட்டு வாசற்படி வேறு. நானும் அந்தச் சனத்தில் ஒருத்திதான், விலக்கில்லை.

நேசனுக்கு ஐம்பத்தொரு வயது. லொங்குய்யில் வீட்டுக்கு முன்னால் பனி வழித்துக்கொண்டு நின்றவன், பனி அள்ளுகிற சவளை ஊன்றியபடி படியில் குந்தினானாம், பிறகு எழும்பவில்லை. அவனை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது நான். என் வீட்டு விறாந்தைச் சோபாவில் ஆறு வருடம் படுத்தவன் அவன். ஆகவே செத்தவீட்டுக்காரி நான்தான் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. ஈமச்சடங்கு நிலையத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கடதாசியும் பேனையுமாக வந்து ஏதோ கேட்டான். உரித்துக்காரர் யார் என்று கேட்கிறானாக்கும் என்று நினைத்து, "நான் அக்கா" என்று சொல்லிக் கையை நீட்டினேன். அவன் மிகவும் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, என்னைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போய், சுவரோரம் நின்ற அவளிடம் பேனையைக் கொடுத்தான். இந்த மாகாணத்தில் கலியாணம் கட்டாமலே சேர்ந்து வாழ்ந்தாலும் வீட்டுக்காரிதான். நீட்டிய கையை நான் மடக்கிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். எனக்கு வந்த எரிச்சலில் அழுகைகூட ஒரு நிமிடம் நின்றுபோனது.

ஊரில் எட்டுச் செலவு எட்டாம் நாளில் வரும். இங்கே அது ஞாயிற்றுக்கிழமையில் வரும், ஏனென்றால் எல்லாருக்கும் வேலை. இங்கே படிக்க வந்திருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டால் முழிப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் செத்தவருடைய வீட்டில் அதுவரைக்கும் மரக்கறிதான். எட்டன்று மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்து, போனவருக்கு என்னென்ன விருப்பமோ அதையெல்லாம் வாழையிலையில் போட்டு, படத்துக்கு முன்னால் வைத்துப் படைப்போம். மீன் விருப்பமென்றால் மீன். சாராயம் விருப்பமென்றால் அதுவும் ஒரு கிளாசில் இருக்கும். படைத்து முடியும்வரை சமைத்ததில் ஒரு துளியும் வாயில் வைக்கக்கூடாது. உப்புப் பார்க்கக்கூடாது, புளி பார்க்கக்கூடாது. அது முதலில் அவருக்கு.

வியாழக்கிழமை பின்னேரம் மேசையில் இருந்து பட்டியல் எழுதினேன். கணவாய்க் கறி, ஒடியல் பிட்டு, முட்டைப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி. மளமளவென்று எழுதினேன். என் தம்பிக்கு என்ன விருப்பமென்று என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? என்னுடைய மனுசன் பக்கத்தில் நின்று மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. கதைத்தால் நெஞ்சில் தைக்கிற மாதிரி ஒன்று சொல்லுவார்.

"உதெல்லாம் அவன் இருபது வயசில சாப்பிட்டதப்பா. இப்ப என்ன விரும்பிச் சாப்பிட்டவனெண்டு உமக்குத் தெரியுமே?"

"ஏன் தெரியாது? மாதத்துக்கு ஒருக்கா ஞாயிற்றுக்கிழமை இஞ்ச வந்து சாப்பிட்டவன்தானே!"

"நீர் போட்டதைச் சாப்பிட்டவன். அது வேற."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேனையை எறிந்துவிட்டு எழும்பிப் போனேன். ஆனால் போய்க் குசினியில் நின்றபோது, அவன் கடைசியாக வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. நண்டுக் கறி வைத்திருந்தேன். நன்றாயிருக்கு என்றான். இரண்டாம்தரம் போடப் போனபோது கையால் சாப்பாட்டுக் கோப்பையை மறைத்தான். ஒன்பது வருடமாகக் கோப்பையை மறைத்தவன்தான், எனக்குத்தான் அது கண்ணில் படவில்லை. அவன் தனியாகவே வருவான், அவளைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டான். நானும் கேட்கமாட்டேன். இப்படி இரண்டு பேரும் ஒரு பெரிய மனுசியை, கைகாலோடு உயிரோடு இருக்கிற ஒருத்தியை, மேசையிலிருந்து துடைத்து வைத்திருந்தோம்.

அன்றைக்கே அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்னை யாரென்று சொல்வதற்கே நாக்குக் கூசியது. நேசனுக்கு என்ன சாப்பாடு விருப்பம் என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு 'ஷியேன்பிங்' என்று ஒரு சொல்லைச் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. மாவுக்குள் இறைச்சி வைத்து, தட்டி, தாச்சியில் சுடுகிற ரொட்டி என்று விளக்கினாள். எனக்கு இன்னும் விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, "முதல்தரம் உங்கள் வீட்டுக்கு நான் கொண்டுவந்தது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து அதைச் செய்துதரச் சொல்லிவிட்டு, அவசர அவசரமாகத் தொலைபேசியை வைத்தேன்.

முதல்தரம் என்பதும் கடைசித்தரம் என்பதும் ஒரே நாள்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. நான் தலைக்கு முழுகி, விளக்கேற்றி, சாமியறையில் நிற்கிறேன். நேசன் முன்னறிவித்தல் இல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். நாற்பது வயது கடந்த இரண்டு பேர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாசலில் நின்றார்கள். அவள் குனிந்து வணங்கி, நீல மூடி போட்ட ஒரு பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள். பெட்டி சுடச்சுட இருந்தது. மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தது, எண்ணெய் வாசம் வந்தது. "இறைச்சி ரொட்டி மாதிரி அக்கா, இவையின்ர சாப்பாடு" என்றான் அவன். எனக்கு 'இறைச்சி' மட்டும்தான் கேட்டது. வெள்ளிக்கிழமை, விளக்கு எரிகிற வீடு, சீனத்தி கொண்டுவந்த இறைச்சி! அதுவும் மாடாகத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டுதான் வாங்கினேன். தேத்தண்ணியும் கொடுத்தேன். அவர்கள் சப்பாத்துப் போடுகிற நேரம் குசினிக்குள் போய், உள்ளே என்னவென்றும் பாராமல், மூடியைக் கழற்றி அப்படியே குப்பைப் பைக்குள் கவிழ்த்தேன். இடம்பெயர்ந்து கோயில் மடத்தில் ஒரு அகப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். சாப்பாட்டைக் கொட்டுவது எப்பேர்ப்பட்ட பாவம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தெரிந்துகொண்டேதான் கொட்டினேன்.

திரும்பினால் நேசன் குசினி வாசலில் நிற்கிறான். ஒரு சப்பாத்துப் போட்டிருக்கிறான், மற்றது கையில். அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். "பெட்டியைத் தா அக்கா, அவ கேப்பா" என்று மட்டும் சொல்லி, பெட்டியை வாங்கித் தண்ணீரைத் திறந்து, சவர்க்காரம் போட்டு, என்னுடைய சிங்கிலேயே தேய்த்துக் கழுவி, தன் குளிர்கோட்டின் உள்பக்கத்தில் துடைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு தனியாகத்தான் வந்தான்.

தொலைபேசியை வைத்து அரைமணித்தியாலம் இருக்காது, அதற்குள் எப்படித்தான் காதுக்குப் போனதோ, ரொக்ஸ்பரோவில் இருக்கிற பரிமளம் மாமி எடுத்தா. எங்கள் குடும்பத்தில் சடங்கு சம்பிரதாயம் எல்லாம் அவவின் வாயில்தான். "உவளை எட்டுக்குக் கூப்பிடப் போறியாமே? தாலி கட்டினவளே அவள்?" என்று கேட்டா.

"படைக்கிறதை அவள்தான் மாமி சமைக்கப்போறாள். எனக்கு அது செய்யத் தெரியாது."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? அவன் எங்கட பிள்ளையடி!"

"ஓம் மாமி. பின்னேரம் நாலு மணிக்கு வாங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். துணிச்சல் என்று நினைக்கவேண்டாம். அவளைக் கூப்பிட்டு, ஒரு நாள் அடுப்பைக் கொடுத்து, பழைய கதையைச் சத்தமில்லாமல் கழுவிவிடலாம் என்று ஒரு கள்ள எண்ணம் எனக்கு.

இப்படித்தான் அந்த ஞாயிறு காலை அவள் தாச்சியோடு வந்து நின்றாள். தோளில் தொங்கிய பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். கோதுமை மா, ஒரு கட்டு வெங்காயத்தாள், இஞ்சி, சோயா சோஸ், நல்லெண்ணெய் மாதிரி மணக்கிற கறுத்த எள்ளெண்ணெய், கடைசியாக அந்த நீல மூடிப் பெட்டி. மூடி வெளிறிப்போயிருந்தது. நான் பார்வையை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்தேன். "இறைச்சி வாங்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள், ஆடா, கோழியா? நேசனுக்கு மாடுதான் விருப்பம். ஆனால் உங்கள் வீடு" என்றாள்.

எனக்குள் ஒரு சண்டை நடந்தது, பொய் சொல்லவில்லை. சாமியறை செத்தவீட்டுத் துடக்குக்காகப் பூட்டியிருக்கிறது என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். பிறகு, படையல் யாருக்கு, எனக்கா அவனுக்கா என்று கேட்டுப் பார்த்தேன். என்னுடைய மனுசனை மூலைக் கடைக்கு அனுப்பி அரைத்த மாட்டிறைச்சி வாங்குவித்தேன். முப்பது வருடத்தில் முதல்தரம் அது என் குசினிக்குள் வந்தது. பையை அவர் மேசையில் வைக்காமல் என் கையில்தான் தந்தார்.

மாவுக்கு முதலில் கொதிநீர் கொஞ்சம், பிறகு பச்சைத்தண்ணீர். நான் பிசைகிறேன் என்று கையைக் கழுவிக்கொண்டு இறங்கினேன். ரொட்டிக்குப் பிசைந்த கை இது, மா என்றால் அடித்து உதைத்துத்தான் பழக்கம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, "மெதுவாக அக்கா, மெதுவாக" என்றாள். அந்த மா களி மாதிரி இளகி, விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. இது உருப்படாது, இன்னும் மாப் போடு என்றேன். அவள் சிரித்துவிட்டு, எண்ணெய் தடவி மூடி வைத்தாள். அரைமணித்தியாலம் கழித்துத் திறந்தால், காதுச் சோணை மாதிரி மெத்தென்று இருந்தது. இறைச்சிக்கு இஞ்சி, சோயா, கறுவாவும் பெருஞ்சீரகமும் மணக்கிற ஒரு தூள் போட்டாள். தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு, ஒரே பக்கமாகக் கலக்கச் சொன்னாள். பக்கம் மாற்றினால் இறைச்சி குடித்த தண்ணீரைத் திருப்பிக் கக்கிவிடுமாம். கை வலிக்க வலிக்கக் கலக்கினேன். அவள் பக்கத்தில் நின்று வெங்காயத்தாளை அரிந்தாள். இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்தது. வெங்காயம் என்று இரண்டு பேருமே நடித்தோம்.

உருண்டையை எண்ணெய்க் கையில் தட்டி, நடுவில் இறைச்சியை வைத்து, ஓரத்தைச் சுருக்குச் சுருக்காகக் கூட்டிக் கிள்ளி மூடுவாள். கிள்ளிய பக்கத்தைக் கீழே போட்டு, உள்ளங்கையால் தட்டையாக்குவாள். கொழுக்கட்டை பிடிக்கிற எனக்கு அது ஒரு வித்தையா என்று நினைத்தேன். என்னுடையது இரண்டாவது தட்டிலேயே வெடித்துக்கொண்டு வந்தது. இப்படி நானும் அவளும் முட்டுப்பட்டுக்கொண்டு நிற்கிறபோது எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது, அதைச் சொன்னால் வெட்கம். எல்லாம் சரியாகிவிட்டது, இனி யாரும் எதையும் கேட்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

தாச்சியில் எண்ணெய் சூடேறியதும், அவள் முதலில் ஒரு பாக்கு அளவு இறைச்சியைக் கிள்ளிப் போட்டுப் பொரித்தாள். அதைத் தன் சாப்பாட்டுக் குச்சியின் நுனியில் எடுத்து, ஊதி, என் வாய்க்கு நேரே நீட்டினாள். உப்புப் பார்க்கச் சொல்கிறாள்.

"இல்லை இல்லை" என்று பின்வாங்கினேன். "முதலில் நேசனுக்கு. பிறகுதான் நாங்கள். எங்கள் முறை."

"தயவுசெய்து" என்றாள்.

"முடியாது. பாவம்."

அவள் குச்சியைக் கீழே வைக்கவில்லை. "அக்கா, முதல்தரம் உப்புக் கூடிவிட்டது. இந்தத்தரம் அப்படி வரக்கூடாது. தயவுசெய்து பாருங்கள்."

என்ன உப்பு, எப்போது என்று கேட்டேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, எனக்கு விளங்கவேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அக்கா இறைச்சி சாப்பிடமாட்டா, முட்டையும் சாப்பிடமாட்டா என்று நேசன் அவளுக்கு முதலே சொல்லியிருக்கிறான். அதனால் இறைச்சியே போடாமல், கீரை மாதிரியான ஒரு பூண்டுத்தாளும் கண்ணாடி நூடில்சும் மட்டும் வைத்துச் செய்தாளாம். புதுத் தாச்சி வாங்கி அதில் சுட்டாளாம். இறைச்சி இல்லாவிட்டால் சப்பென்று இருக்குமே என்று உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டாளாம். "நேசன் வீட்டுக்கு வந்து சொன்னவர், அக்கா எல்லாம் சாப்பிட்டவ, நல்லாயிருக்கு, உப்பு மட்டும் கொஞ்சம் கூட என்று சொன்னவ என்று. பெட்டியும் வெறுமையாக வந்தது."

"பிறகு?" என்று கேட்டேன்.

"அதற்குப் பிறகு நான் உப்பைக் குறைத்துக்கொண்டு வந்தேன். நேசனுக்கு உப்புக் காணாது. மேலே சோஸ் ஊற்றித்தான் சாப்பிடுவார். ஆனாலும் நான் கூட்டவில்லை. அக்கா ஒருநாள் வருவா, அப்போது கை பழகியிருக்க வேண்டும் என்று."

இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. சமையல் குறிப்புச் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். என் தம்பி, அந்தப் பாழ்படுவான், என் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஒன்பது வருடம் உப்பில்லாத ரொட்டியைச் சாப்பிட்டிருக்கிறான். அதில் இறைச்சியே இருக்கவில்லை என்று அவன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குப்பைப் பையைத் திறந்து பார் என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அவன் மேல் வந்த கோபத்துக்கு, அவன் உயிரோடு இருந்திருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன், பிறகு அவன் காலில் விழுந்திருப்பேன்.

வாயைத் திறந்தேன். அவள் குச்சி நுனியிலிருந்ததை என் நாக்கில் வைத்தாள். படையலுக்கு முன்னால், என் தம்பிக்கு முன்னால், மாட்டிறைச்சியை நான் சாப்பிட்டேன். "சரி. உப்பு அளவு" என்றேன். அவளுடைய முகம் திறந்த மாதிரி இருந்தது. ஒன்பது வருடப் பரீட்சையில் தேறின பிள்ளையின் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அது எனக்குக் கிடைத்த சிரிப்பில்லை, நேசனுடைய பொய்க்குக் கிடைத்த சிரிப்பு.

பதினாறு ரொட்டியையும் சுட்டு முடிக்கும்வரை பொறுத்தேன். மூடி போட்டு, மெல்லிய நெருப்பில், இரண்டு பக்கமும் பொன்னிறமாகி, ஒவ்வொன்றும் உப்பி எழும்பின. அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது சொன்னேன். பிரெஞ்சில் எனக்கு அலங்காரமாகச் சொல்ல வராது. அதனால் ஒரு நன்மை, மழுப்பவும் வராது. "நான் சாப்பிடவில்லை. என்னவென்று பார்க்கவும் இல்லை. குப்பையில் போட்டேன்."

அவள் விளங்காதவள் போல என்னைப் பார்த்தாள். குப்பைத் தொட்டியைக் கையால் காட்டினேன்.

"பெட்டி?"

"நேசன் கழுவினவன்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். தாச்சியைப் பார்த்தாள். அழுவாள், அல்லது ஏசுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன், ஏசினால் எனக்கு நல்லது. அவள் மிகவும் தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டாள்.

"அப்படியென்றால், அன்றைக்கு உப்பு சரியாக இருந்ததா?"

"எனக்குத் தெரியாது" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

அவள் தலையை ஆட்டினாள். நீல மூடிப் பெட்டியைத் திறந்து எட்டு ரொட்டியை எண்ணி அடுக்கினாள். எட்டை என் தட்டிலேயே விட்டாள். கோட்டைப் போட்டுக்கொண்டு, லொங்குய்யில் தன்னிடமும் நேசனுடைய படம் இருக்கிறது, அதற்கு முன்னால் இதை வைக்கப்போகிறேன் என்றாள். நாலு மணிக்குப் படையல், நில்லும் என்று என்னுடைய மனுசன் இங்கிலிஷில் கெஞ்சினார். அவள் அவருக்குக் குனிந்து வணங்கினாள். எனக்கும் வணங்கினாள், அதே முதல் நாள் மாதிரி. 'அக்கா' என்று மட்டும் சொல்லவில்லை.

நாலு மணிக்குச் சனம் வந்தது. இலை போட்டு, கணவாயும் ஒடியல் பிட்டும் வைத்து, நடுவில் இரண்டு ரொட்டியை வைத்தேன். பரிமளம் மாமி மூக்கைச் சுளித்து, "உது என்ன இறைச்சியடி?" என்றா. "மாடு" என்றேன். அவ வாயில் கையை வைத்தபடி போய்த் தூரத்துக் கதிரையில் இருந்தா, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கற்பூரம் எரியும்போது நான் நேசனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. ஊரில் என்றால் படைத்ததில் கொஞ்சம் எடுத்துச் சந்தியில் கொண்டுபோய் வைப்பார்கள். இங்கே என்னுடைய மனுசன் அதை மூலையிலிருந்த பனிக் குவியலின் மேல் வைத்துவிட்டு, மாநகரசபைக்காரர் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாரும் சாப்பிட இருந்தபோது நானும் ஒரு ரொட்டியைப் பிய்த்தேன். சாறு முழங்கைவரை ஓடியது. நல்ல ருசி. உப்புக் கொஞ்சம் குறைவு. காலையில் அளவு என்று சொன்னேனே, அதுவும் பொய்.

பாத்திரம் கழுவப் போனபோதுதான் கண்டேன், அவள் தன் தாச்சியை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதைக் கழுவித் துடைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாமே என்றார் இவர். நாளைக்கு என்றால் நான் கொடுக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அது என்னுடைய எட்டாவது தாச்சியாக மூலையில் கிடக்கும். துவாயில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆறு மணிக்கு முன்னமே இறங்கிவிட்டேன். நீலம், செம்மஞ்சள், மஞ்சள். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அதற்கு எனக்குப் பிரெஞ்சும் போதாது, யோக்கியதையும் போதாது. நான் கேட்கப்போவது வேறு. அந்த வெள்ளிக்கிழமை ரொட்டியை, பூண்டுத்தாளும் நூடில்சும் வைத்ததை, உப்பு அன்றைக்குப் போட்ட அதே அளவில், இன்னொருமுறை செய்துதா. நான் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன். நேசனுடைய பொய்க்குப் பின்னால் ஒளிக்காமல், உன் முகத்துக்கு நேரே சொல்கிறேன். இதை எப்படிப் பிரெஞ்சில் சொல்வதென்று வழிநெடுக மனதுக்குள் கட்டிக் கட்டிப் பார்த்தேன். சொற்கள் கோர்வையாக வரவில்லை.

மஞ்சள் பாதையில் மொத்தம் மூன்று நிலையம்தான். நடு நிலையம் ஆற்றுக்கு நடுவே ஒரு தீவில் இருக்கிறது. மாசிக் குளிரில் அங்கே ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. ஆனாலும் ரயில் நின்றது, கதவுகள் திறந்தன. எதிர்ப்பக்கத்தில் என் வீட்டுப் பக்கம் திரும்பிப் போகிற ரயிலும் அதே நேரம் வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கரையில் என் வீட்டில் ஒரு நேசன், அவனுக்கு முன்னால் ரொட்டி. இந்தக் கரையில் அவள் வீட்டில் ஒரு நேசன், அவனுக்கு முன்னாலும் ரொட்டி. மடியில் இருந்த தாச்சி, கழுவி இவ்வளவு நேரமாகியும், அடியில் இன்னும் இளஞ்சூடாக இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. எழும்பாதே, எழும்பாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதன் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவு பூட்டும்வரை இருந்தேன்.